கட்டிக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட காலம்

நோயை முன்கூட்டியே கண்டறிதல் என்பது மருத்துவ நூல்களில் பெரும்பாலும் கருவிகளோடும் பரிசோதனைகளோடும் சேர்த்தே பேசப்படுகிறது. ஆயினும் மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, எந்தக் கருவியும் தொடுவதற்கு முன்பே, நம் நாட்டில் பெரும்பாலும் நோயுற்ற பெண்ணின் விரல்களே கட்டியை முதலில் உணர்ந்துவிடுகின்றன. அவ்வாறு உணர்ந்த நாளுக்கும், அதனை அவள் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லும் நாளுக்கும் இடையே வாரங்களும் மாதங்களும், சில வேளைகளில் ஓராண்டும்கூடக் கழிந்துவிடுகின்றன என்பது இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்போர் நன்கறிந்த உண்மை. அந்த இடைக்காலத்தில் நடப்பது என்ன, அது நீள்வதற்கு யார் பொறுப்பு, அதனைக் குறுக்குவது எவ்வாறு என்னும் கேள்விகளை மருத்துவம் தனியாக நின்று விடுவிக்க இயலாது. ஒரு குடும்பத்தில் யாருடைய உடல்நலத்துக்கு எந்த இடம் தரப்படுகிறது என்னும் வாழ்வியல் கேள்விக்குள் அவை அடங்கியிருக்கின்றன.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 6,70,000 பேர் இந்நோயால் இறந்தனர். இந்தியாவில் அவ்வாண்டு புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1,92,000 பேர், இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஓராண்டில் இறந்தவர்கள் அதே ஆண்டில் கண்டறியப்பட்டவர்களாகவே இருக்கவேண்டியதில்லை என்றாலும், இவ்விரு எண்களுக்கும் இடையிலான விகிதம் ஒரு நாடு இந்நோயை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைக் கோடிட்டுக் காட்டும். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள அவ்விகிதம் இந்தியாவில் பாதியைத் தாண்டிவிடுகிறது. செல்வ நாடுகளில் இந்நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ, இந்தியாவில் 66 விழுக்காட்டினரே அவ்வாறு வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. நோயின் உயிரியல் இயல்பில் உள்ள வேறுபாடுகளைக் கொண்டு மட்டும் இந்த இடைவெளியை விளக்கிவிட முடியாது. நோய் எந்த நிலையில் இருக்கும்போது பெண்கள் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள் என்பதும், வந்து சேர்ந்தபின் சிகிச்சையை முடிக்க அவர்களால் இயல்கிறதா என்பதுமே இதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்ணறைகளும், அப்பாலைக் காம்புவரை கொண்டுவரும் நாளங்களும் உள்ளன; இவற்றின் உட்சுவரில் அமைந்த உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, சுற்றியுள்ள திசுக்களுக்குள் ஊடுருவுவதே மார்பகப் புற்றுநோய். கட்டி 2 சென்டிமீட்டருக்கு மிகாமல் மார்பகத்துக்குள் அடங்கியிருப்பதை முதல் நிலை எனவும், அதனினும் பெரிதாகவோ அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை எட்டியோ இருப்பதை இரண்டாம் நிலை எனவும், கணுக்களில் மிகுதியாகப் பரவியோ தோலையும் மார்புச் சுவரையும் பற்றியோ இருப்பதை மூன்றாம் நிலை எனவும், எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளைச் சென்றடைந்துவிட்டதை நான்காம் நிலை எனவும் மருத்துவர்கள் பொதுவாக வகுப்பர். நிணநீர்க் கணு என்பது உடலில் ஓடும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு. அது வீங்கித் திரள்வதையே ஊர்ப்புறங்களில் நெறி கட்டுதல் என்பர். முதலிரு நிலைகளில் சிகிச்சை தொடங்கப்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோரால் நோயை வென்று நெடுங்காலம் வாழ முடிகிறது. மூன்றாம் நிலையில் அந்த வாய்ப்பு குறைவதோடு, சிகிச்சையின் கடுமையும் செலவும் கூடிவிடுகின்றன.

மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தென்படும் கட்டி, இதுவரை இல்லாதபடி உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து தானாகக் கசியும் குருதி கலந்த நீர், காம்பைச் சுற்றி ஆறாமல் நிற்கும் புண், குழிவிழுந்தோ தடித்தோ ஆரஞ்சுப் பழத்தின் தோல் போலத் தோற்றமளிக்கும் சருமம், ஒரு மார்பகத்தின் வடிவிலோ அளவிலோ ஏற்படும் மாற்றம் ஆகியவை மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள். இவற்றுள் முதன்மையான கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இந்நோயின் ஏமாற்றும் இயல்பு. உடல் வலித்தாலொழிய வேலையை நிறுத்தும் உரிமை தனக்கில்லை என்று பழகிவிட்ட பெண்ணுக்கு, வலியில்லாத ஒன்று நோயாகவே தோன்றுவதில்லை. அதே வேளையில், மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. இளம்பெண்களிடம் காணப்படும் நார்க்கட்டிகளும், நீர் நிரம்பிய பைகளும் உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் இன்ன கட்டி இன்ன வகை என்பதை விரல்களால் முடிவுசெய்ய இயலாது. ஆகவே, பெரும்பாலானவை தீங்கற்றவை என்னும் செய்தி, அஞ்சாமல் விரைந்து பரிசோதித்துக்கொள்ளத் துணைபுரிய வேண்டுமேயன்றி, காத்திருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

காத்திருப்பு பற்றி மருத்துவ உலகம் நெடுநாளாகவே ஆராய்ந்து வந்திருக்கிறது. அறிகுறியை உணர்ந்தபின் மூன்று மாதங்களுக்கு மேல் மருத்துவரை நாடாதிருப்பதை நோயாளியின் தாமதம் என்று 1938இலேயே அமெரிக்க மருத்துவர்கள் வரையறுத்தனர். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து லான்செட் இதழ் 1999இல் வெளியிட்ட கட்டுரை, மூன்று மாதங்களோ அதற்கு மேலோ தாமதித்த பெண்களின் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு, விரைந்து வந்தவர்களுடையதைவிட 12 விழுக்காடு குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆனால் நோயாளியின் தாமதம் என்று பெயரிட்ட உடனேயே, தாமதத்தின் முழுப் பொறுப்பும் நோயாளியின் தலையில் ஏறிவிடுகிறது. அவளுக்கு அறிவு போதவில்லை, அக்கறை போதவில்லை என்ற முடிவுக்கு வருவது எளிதாகிவிடுகிறது.

உண்மையில் அந்த மாதங்களில் நிகழ்வதை உற்று நோக்கினால், அறியாமையைவிடக் கணக்கே அங்கு மிகுதியாக இருப்பது தெரியவரும். மகளின் கல்யாணம் முடியட்டும், பிள்ளையின் பொதுத்தேர்வு முடியட்டும், அறுப்பு முடிந்து கையில் நாலு காசு வரட்டும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடும் பெண், கட்டியைப் பற்றி எண்ணாமல் இருப்பதில்லை. எண்ணி எண்ணியே, வீட்டின் தேவைகள் அனைத்துக்கும் பின்னால் அதனை நிறுத்துகிறாள். நோய் வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமைவது தடைப்படும் என்ற அச்சமும், ஆண் மருத்துவர் முன் மார்பைத் திறந்து காட்டவேண்டுமே என்ற கூச்சமும், ஊசி குத்தினாலும் கத்தி வைத்தாலும் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் கேட்ட பேச்சும், சிகிச்சைக்காக நகையும் நிலமும் போய்விடும் என்ற கவலையும் அக்கணக்கில் சேர்கின்றன. இவை ஒவ்வொன்றும் அவள் வாழும் சூழல் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவை. குடும்பம் என்னும் வரிசையில் கடைசி ஆளாக நிற்பதே நல்ல பெண்ணின் இலக்கணம் என்று தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த சமூகம், அந்த இலக்கணத்தைக் கடைப்பிடித்ததற்காக அவளைக் கடிந்துகொள்வது அறமாகாது.

இங்குதான் விழிப்புணர்வு என்று இன்று நடைபெறுவது யாரை நோக்கிப் பேசுகிறது என்ற கேள்வி எழுகிறது. அக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாக அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு தொடங்கி, பின்னர் உலகெங்கும் பரவியது. 1992 முதல் இளஞ்சிவப்பு நாடா அதன் அடையாளமாயிற்று. இம்முயற்சிகள், மக்கள் வாய்திறந்து பேசத் தயங்கிய ஒரு நோயைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் சுவரொட்டியும் கருத்தரங்கும் துண்டறிக்கையும் பெரும்பாலும் பெண்ணை நோக்கியே பேசுகின்றன. உன் உடலைக் கவனி, மாற்றத்தைக் கண்டால் உடனே வா என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. அவள் வருவதற்குத் துணையாக வரவேண்டிய கணவனுக்கும், சமையலை ஒரு வாரம் ஏற்றுக்கொள்ள வேண்டிய மகனுக்கும், கூலியைப் பிடிக்காமல் விடுப்புத் தரவேண்டிய மேற்பார்வையாளருக்கும், கட்டி என்றவுடன் முறையாகப் பரிசோதிக்க வேண்டிய உள்ளூர் மருத்துவருக்கும் சொல்லப்படுவது மிகக் குறைவு. சொல்ல வேண்டியவளை மட்டும் ஆயத்தப்படுத்திவிட்டு, கேட்க வேண்டியவர்களை ஆயத்தப்படுத்தாமல் விடுவதால், சொல் புறப்படும் இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இரண்டு பெரிய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இக்கருத்து வலுப்பெறும். சீனாவின் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் பணியாற்றிய 2,66,064 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு பகுதியினருக்கு மார்பகத்தைத் தாமே தடவிப் பார்த்துக்கொள்ளும் சுயபரிசோதனை முறை கற்பிக்கப்பட்டு, திரும்பத் திரும்ப நினைவூட்டப்பட்டது. 2002இல் வெளியான முடிவின்படி, சுயபரிசோதனை கற்றவர்களிடையே இந்நோயால் ஏற்பட்ட இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகத் திசுவெடுத்துப் பார்க்கும் நிலைதான் மிகுந்தது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் இரு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒரு பிரிவினரின் மார்பகங்களை, மருத்துவர் அல்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைகளால் பரிசோதித்தனர். 2021இல் வெளியான இருபதாண்டு முடிவு, பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதான நிலையிலேயே கண்டறியப்பட்டதையும், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. 50 வயதுக்குக் குறைந்தவர்களிடம் அத்தகைய குறைவு தெளிவாகப் புலப்படவில்லை.

இருவேறு நாடுகளில் இருவேறு சூழல்களில் நடந்த இவ்வாய்வுகளை நேருக்கு நேர் ஒப்பிட்டு அறிவியல் முடிவு எதையும் பெறுவது முறையன்று. பயிற்சி பெற்ற கை நுண்ணிய மாற்றத்தையும் உணரும் என்பதும் ஒரு விளக்கமே. ஆயினும் வாழ்வியல் நோக்கில் எண்ணிப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படாமல் போவதில்லை. தன் விரலால் தானே கண்ட கட்டியை அறிந்தவள் அவள் ஒருத்தியே. அதனைச் சொல்வதா மறைப்பதா என்னும் முடிவும் அவள் ஒருத்தியினுடையதே. சுகாதாரப் பணியாளரின் கை கண்ட கட்டியோ, கண்டுபிடிக்கப்பட்ட கணத்திலேயே இருவருக்குத் தெரிந்துவிடுகிறது; அடுத்து எங்கே செல்லவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லவும், செல்லாவிட்டால் மீண்டும் கதவைத் தட்டிக் கேட்கவும் ஒருவர் இருக்கிறார். கண்டறிதலும் சொல்லுதலும் அங்கே ஒரே நிகழ்ச்சியாகிவிடுகின்றன. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மார்பகப் பரிசோதனை செய்யவேண்டும் என்று 2016இல் இந்திய அரசு வகுத்த வழிகாட்டுதலும், தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு மார்பகத்தையும் கருப்பைவாயையும் பரிசோதிக்கும் நடைமுறையும் இந்தக் காரணத்தால்தான் மதிக்கத்தக்கவை. மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப்படம் விரலுக்குப் புலப்படாத கட்டியையும் காட்டவல்லதேனும், பெருந்தொகையான பெண்களுக்குத் தவறாமல் அதனை எடுப்பதற்கான வசதி பரவலாக இல்லாத நாட்டில், பயிற்சி பெற்ற மனிதக் கையின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை.

சொல் வெளிப்பட்ட பின்னும் காலம் கழியும் இரண்டாவது இடம் ஒன்று உண்டு. அது முதலில் பார்க்கும் மருத்துவரின் அறை. பாலூட்டும் தாயாயின் பால் கட்டிக்கொண்டது என்றும், இளம்பெண்ணாயின் கொழுப்புக் கட்டி என்றும் தொட்டுப் பார்க்காமலே சொல்லி மாத்திரை எழுதித் தருவதும், சிறு மருத்துவமனைகளில் கட்டியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, எடுத்த திசுவை ஆய்வுக்கு அனுப்பாமல் விடுவதும் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கையால் பரிசோதித்தல், ஊடுகதிர்ப்படமோ ஒலியலைப் படமோ எடுத்தல், கனத்த ஊசியால் சிறு துண்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சி ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்வதே முறையான கண்டறிதல். இவ்வாறு ஊசியால் திசு எடுப்பது நோயைப் பரப்பிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. எந்த வகைப் புற்று என்பதை அறிந்து தகுந்த மருந்தைத் தேர்வதற்கு அதுவே வழி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி மூன்று இலக்குகளை நாடுகளின் முன் வைத்தது: நோயாளிகளில் குறைந்தது 60 விழுக்காட்டினரை முதல் அல்லது இரண்டாம் நிலையில் கண்டறிதல், மருத்துவரை முதலில் நாடிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயை உறுதிசெய்தல், குறைந்தது 80 விழுக்காட்டினர் சிகிச்சையை முழுமையாக முடிக்கச்செய்தல். இம்மூன்றும் வெவ்வேறு மனிதர்களின் பொறுப்பைச் சுட்டுகின்றன. முதலாவதில் குடும்பமும் களப்பணியாளரும், இரண்டாவதில் மருத்துவரும் மருத்துவமனையும், மூன்றாவதில் அரசும் சமூகமும் விடைசொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பெண்கள் மருத்துவமனைக்கு வர அஞ்சுவதற்குக் காரணமான சிகிச்சை பற்றிய மனச்சித்திரம் பெரும்பாலும் பழங்காலத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரப்பிய முறையில், மார்பகத்தோடு அதன் கீழுள்ள தசைகளும் அக்குள் கணுக்களும் ஒருசேர அகற்றப்பட்டன. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவே உலகெங்கும் ஆட்சி செலுத்தியது. அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் தனித்தனியே நடத்தி, இருபதாண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவுகளை 2002இல் வெளியிட்ட ஆய்வுகள், தொடக்க நிலை நோயில் கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும் உயிர்பிழைப்பு ஒன்றே என்பதை உறுதிப்படுத்தின. அக்குளிலும் புற்றணுக்கள் முதலில் சென்றடையக்கூடிய ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்து, அவை தூயனவாயின் மற்றவற்றை விட்டுவிடும் முறை வந்துவிட்டது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீரைப் பற்றி வளரும் புற்றுக்குத் தமாக்சிபென் போன்ற மாத்திரைகளும், ஹெர்2 என்னும் புரதத்தை மிகுதியாகக் கொண்ட புற்றுக்கு 1998 முதல் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தும் பயன்படுகின்றன. முன்னதாக வருபவளுக்கு மார்பகத்தைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பும் மிகுதி என்ற இச்செய்தி, மார்பை எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சித் தள்ளிப்போடும் பெண்ணின் காதுக்கு எட்டாமல் இருப்பது பெருந்துயரம். ஏனெனில் எந்த இழப்புக்கு அஞ்சுகிறாளோ, அதனைத் தாமதமே அவளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

காலம் கழியும் மூன்றாவது இடம் சிகிச்சையின் நீண்ட பாதை. அறுவைச் சிகிச்சை, சில வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல மாதங்கள் நீளும் கீமோ, மக்கள் கரண்ட் வைத்தல் என்று கூறும் கதிர்வீச்சுக்காக வாரத்தில் ஐந்து நாட்கள் என மூன்று முதல் ஐந்து வாரங்கள், அதன்பின் ஐந்தாண்டுகளோ பத்தாண்டுகளோ தினமும் ஒரு மாத்திரை என அது நீள்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அரசு மருத்துவமனைகளும் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. ஆனால் பேருந்துக் கட்டணத்தையும், ஊர்விட்டு ஊர் தங்கும் செலவையும், அவளும் துணைக்கு வருபவரும் இழக்கும் அன்றாடக் கூலியையும் எந்தக் காப்பீட்டு அட்டையும் ஈடுசெய்வதில்லை. கட்டி கரைந்துவிட்டது, இனி எதற்கு என்று பாதியில் நிறுத்துபவர்களும், நாட்டு மருந்தில் குணமாகிவிடும் என்ற பேச்சை நம்பித் திசைமாறுபவர்களும், சோர்வினால் மாத்திரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. அவர்களைத் தொடர்ந்து விசாரித்து, அடுத்த தவணைக்கு அழைத்துவர ஓர் ஆள் இருப்பது மருந்துக்கு இணையான தேவை.

கேட்டவர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையின் வரலாற்றிலேயே சான்றிருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்ததை அருகிலிருந்து கண்டவர். புற்றுநோய் வந்தால் சாவு உறுதி, அதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடமும் நிலவிய காலத்தில், அவர் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நெடுங்காலம் நிதி திரட்டி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கு வந்துசேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அதனையே தம் வாழ்வாகக் கொண்டு, வசதியற்றவர்க்கும் தரமான சிகிச்சை என்பதை அதன் நெறியாக நிலைநிறுத்தினார். தென்னிந்தியாவின் முன்னோடிப் புற்றுநோய் மருத்துவமனை ஒரு மாதர் சங்கத்தின் முயற்சியில் பிறந்தது என்பது, பெண்களின் துயரத்தைக் கேட்கும் அமைப்பு ஒன்று இருந்தால் அத்துயரம் பொதுப்பணியாக உருமாறும் என்பதைக் காட்டுகிறது. இன்று ஊர்தோறும் இயங்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும், வீடு தேடிச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் அந்த மரபைத் தொடரும் ஆற்றல் உண்டு.

பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்றல் என்பது சிகிச்சை முடிந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. நியூயார்க்கில் மார்பக அறுவைச் சிகிச்சைக்கு ஆளான டெரீஸ் லாசர் என்னும் பெண்மணி, அதே துன்பத்துக்கு ஆளானவர்களைத் தேடிச் சென்று, கையை மீண்டும் இயக்கும் பயிற்சியையும் துணிவையும் தரும் பணியை 1952இல் தொடங்கினார். அம்முயற்சி பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. நோயைக் கடந்து வந்த ஒருத்தி எதிரே வந்து அமர்வதே, இதைக் கடக்க முடியும் என்பதற்கு எந்த மருத்துவரின் சொல்லாலும் தரமுடியாத சான்றாகிறது. அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டவர்களுக்கு நிணநீர் தேங்கிக் கை வீங்கக்கூடும். குடம் சுமந்தும் களையெடுத்தும் வாழ்பவளுக்கு அந்த வீக்கம் பிழைப்பையே பாதிக்கும் என்பதால், கைப்பயிற்சியைத் தொடக்கத்திலேயே கற்பிப்பதும், கனத்த வேலைகளை வீட்டார் பகிர்ந்துகொள்வதும் இன்றியமையாதவை. முடி கொட்டுதல், இளவயதிலேயே மாதவிடாய் நின்றுபோதல், உடலின் வடிவம் மாறியதால் எழும் தாழ்வுணர்ச்சி, தாம்பத்தியத்தில் விழும் விலகல் ஆகியவற்றைப் பற்றி அவளிடம் கேட்பார் யாருமில்லை; அவளாகச் சொல்லவும் நம் பழக்கவழக்கம் இடம் தருவதில்லை. இந்நோய் தொற்றுவதில்லை என்பதை அறிந்தும், அவள் குடித்த குவளையைத் தனியே வைக்கும் வீடு செய்யும் காயம் கத்தி செய்யும் காயத்தைவிட ஆழமானது. உறவினரின் அறிவுரையைவிட, ஒரு வேளைச் சமையலும், மருத்துவமனை வரிசையில் உடன் நிற்கும் பொறுமையும், அழ நினைக்கும்போது அழவிடும் பெருந்தன்மையும் அவளுக்கு வேண்டும்.

முன்கூட்டியே கண்டறிதலைப் போற்றும்போது நேரக்கூடிய ஒரு பிழையையும் எச்சரிக்கையோடு தவிர்க்க வேண்டும். முன்னதாக வந்தால் பிழைக்கலாம் என்று ஓயாமல் கூறப்படும் இடத்தில், நான்காம் நிலையில் வந்துசேர்ந்த பெண் தன்னைக் குற்றவாளியாகவே உணர்கிறாள். விரைந்து வளரும் சில வகைப் புற்றுகள், காலத்தோடு வந்தவர்களிடமும் மீண்டும் தலைதூக்குகின்றன. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களையும் இந்நோய் சில வேளைகளில் வென்றுவிடுகிறது. இந்நோய் காணும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பெண்ணாக இருப்பதையும் வயதையும் தவிர வேறு தனிக் காரணம் எதுவும் இருப்பதில்லை, பெற்றோர்வழி மரபணு மாற்றத்தால் வருவது ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே, நோயாளிகளில் 0.5 முதல் 1 விழுக்காட்டினர் ஆண்கள். எனவே, என்ன பாவம் செய்தேன் என்று அவள் கேட்கும் கேள்விக்கு, எந்தப் பாவமும் இல்லை என்பதே அறிவியல் தரும் விடை. தாயின் நோயைக் காரணம் காட்டி மகளின் திருமணத்தைத் தடுப்பதற்கும் அறிவியலில் இடமில்லை. நெருங்கிய உறவினர் பலருக்கு இந்நோய் கண்ட குடும்பமாயின், மரபணு ஆலோசனை பெற்று விழிப்போடு வாழ்வதே முறை. நோயை முற்றிலும் நீக்க இயலாத நிலையிலும், வலியைத் தணித்து, இயன்றவரை நீண்ட, தெளிவான வாழ்நாளைத் தரும் மருத்துவம் உண்டு. அதனைப் பெறுவது நோயாளியின் உரிமை என்பதை ஏற்காத விழிப்புணர்வு, பிழைத்தவர்களை மட்டும் கொண்டாடும் விழாவாகச் சுருங்கிவிடும்.

ஆகவே, இந்நோய் முன்வைக்கும் கேள்வி ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. வீட்டிலுள்ள பெண் தன் உடலைப் பற்றி ஒன்று சொன்னால் அது எத்தனை நாளில் செயலாகிறது என்பதை அவ்வீட்டு ஆண்களும் மூத்தோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு முறை வண்டியைப் பழுதுபார்க்க நாள் ஒதுக்கும் குடும்பம், அவளுடைய பரிசோதனைக்கும் ஒரு நாளை ஒதுக்கி, அவள் கேட்கும் முன்பே அழைத்துச் செல்லப் பழக வேண்டும். மருத்துவர்கள் எந்தக் கட்டியையும் முறையான மூவகைப் பரிசோதனையின்றித் தீங்கற்றது என்று கூறாதிருக்க வேண்டும். அரசு, பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், கட்டி கண்டவர்களில் எத்தனை பேர் எத்தனை நாளில் சிகிச்சையைத் தொடங்கினர், எத்தனை பேர் அதனை முடித்தனர் என்பதையும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கட்டியை உணர்ந்த பெண்ணுக்கு அன்றைய பொழுதிலேயே அதனைச் சொல்ல ஒருவர் இருப்பதும், சொன்ன சில நாட்களிலேயே அவள் மருத்துவர் முன் அமர்வதும், அதற்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இருப்பதும் இயல்பான நிகழ்வுகளாக மாறும்வரை, விழிப்புணர்வுப் பணி நிறைவேறிவிட்டதாகக் கொள்ள இயலாது.